குடவோலையும் ஃபங்ஷனல் புரோகிராமிங்கும்

ஜாவாவில் நாலு புராஜெக்ட் முடிச்சவரா? திருப்புலிவனத்துக்குப் பக்கத்துல, உத்திரமேரூர் கல்வெட்டைப் பாருங்க. சபை வாரியத்துக்கு நிற்க, கி.பி. 919-இல் வயது 30–60. 921-இல் அதுவே 35–70. ஃபில்டர் ஒண்ணுதான், உள்ளே அனுப்பிய விதி மட்டும் மாறுச்சு. ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷனை அனுப்புறது இதுதான். அதே ஆளுக்கு எப்பவும் அதே விடை. பழைய பட்டியலும் கெடாது.

ஆனா சிறுவன் குடத்தில் கைவிட்டு ஓலை எடுத்தால்? குடத்தில் ஒண்ணு குறையும், விடையும் முறைக்கு முறை மாறும். அதுதான் சைட் எஃபெக்ட். அதை ஒழிக்க வேண்டாம், கடைசியில் தனியா வைங்க.

நான் ரெண்டையும் ஒரே லூப்பில் கலந்து, ஓடும்போதே லிஸ்ட்டை மாத்தி, ரெண்டு ராத்திரி பக் தேடினேன். பிரிச்சதும் டெஸ்ட் எழுதுறது சுலபமாச்சு. அடுத்த லூப்புக்கு முன்னாடி கேளுங்க: இது விதியா, குடமா?