அரண்மனைக்குப் பிறகு: தஞ்சைக் கைவினைஞர்கள் தொழிலுக்கு வந்த வழிகள்

தஞ்சாவூர்ச் சீமையின் கைவினைஞர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘பரம்பரைத் தொழில்’ என்ற சொல்தான் முதலில் வரும். பல வீடுகளில் அது உண்மை. ஆனால் பரம்பரை என்று சொல்லிவிட்டால், தகப்பன் பிடித்த உளியை மகன் தானாகவே எடுத்துக்கொண்டதுபோல ஆகிவிடுகிறது. தொழிலுக்குள் வந்தவர்கள் ஒரே வாசல் வழியாக வரவில்லை. சொந்தக் காலில் நிற்கும் கலைஞர் என்பவரே இந்த மண்ணில் ஓரளவு பிற்காலத்தில் உருவானவர்.

நாயக்கர் காலத்திலும், 1676-க்குப் பிறகு மராட்டியர் காலத்திலும் தஞ்சை ஓவியர்களுக்கு அரண்மனையே முதல் புரவலர். இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரையிலான ஆண்டுகளில் இந்த ஆதரவு செழித்திருந்தது. அப்போதே ஓவியர்களுக்கு வேறொரு வாடிக்கையாளரும் கிடைத்திருந்தார். கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரிகளுக்காகத் தெய்வ உருவங்களையும், பல சாதிகளையும் தொழில்களையும் சேர்ந்த ஆணும் பெண்ணும் ஜோடியாக நிற்கும் காட்சிகளையும் காகிதத்தில் எழுதித் தொகுப்பாக விற்றார்கள். 1855-இல் கடைசி அரசர் ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதன் பிறகு ஓவியர் தன் காசில் பலகை வாங்க வேண்டும், வாங்குபவரைத் தானே தேட வேண்டும். கோயில்களும் மடங்களும் வணிகர் வீட்டுப் பூஜை அறைகளும் அவருக்குச் சோறு போட்டன. இன்று ‘சுயதொழில்’ என்கிறோமே, தஞ்சை ஓவியருக்கு அது விரும்பித் தேடியதாக இல்லாமல் தலையில் விழுந்த பொறுப்பாகத்தான் தொடங்கியது.

இப்போது அந்த ஓவியம்தான் வெளியாருக்கு அதிகம் திறந்திருக்கும் கலை. ராஜு குடும்பத்தினரும் நாயுடு குடும்பத்தினரும் வீட்டுக்குள் வைத்திருந்த வேலையை, இன்று தஞ்சாவூரிலும் சென்னையிலும் பயிற்சி வகுப்பில் யாரும் கற்றுக்கொள்ளலாம். வகுப்புக்கு வருவோரில் பெண்கள் ஏராளம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு பொழுதுபோக்காகத் தொடங்கி, உறவினர் கேட்க ஒன்று, தெரிந்தவர் கேட்க ஒன்று என்று எழுதிக்கொடுத்து, அதையே தொழிலாக்கிக் கொண்டவர்கள் உண்டு.

வேலை பொறுமையைக் கேட்பது. பலகையில் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் பூசித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அந்தக் காலத்தில் பலாப் பலகையும் புளியங்கொட்டைப் பசையும். இப்போது பெரும்பாலும் பிளைவுட்டும் கடைப் பசையும். உருவத்தை வரைந்த பின், நகையும் மண்டபமும் திருவாசியும் வரும் இடங்களில் மக்குக் குழைத்துப் புடைப்பாக ஏற்றுவார்கள். அது ஈரமாக இருக்கும்போதே கற்களைப் பதிக்க வேண்டும். காய்ந்த மேட்டின் மேல் தங்க ரேக்கை ஒட்டி, ஒவ்வொரு பள்ளத்திலும் படியும்படி அழுத்துவார்கள். அதன் பிறகுதான் வண்ணம். முகமும் கண்ணும் கடைசிக்கு நிற்கும். மக்கு வேலையைச் சில வாரங்களில் பழகிவிடலாம். முகம் எழுத ஆண்டுகள் ஆகும். கோடு போட்ட பலகை, கல், ரேக்கு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதில் தொடங்குவதில் குறை ஒன்றுமில்லை. வரைந்து தந்த கோட்டை விட்டு வெளியே வந்தவரே ஓவியராகிறார்.

ஆடுதுறைக்குப் பக்கத்திலுள்ள நரசிங்கம்பேட்டையின் கதை வேறு. அங்கே நாகசுரம் செய்வது ஆசாரி குடும்பங்களின் குலத்தொழில். முன்பு எங்கும் ஒலித்தது திமிரி என்ற நாகசுரம். குட்டையானது, சுருதி உயர்ந்தது. திறந்தவெளியில் சாமி ஊர்வலத்துக்கு அது பொருந்தும். கச்சேரி மேடைக்குச் சுருதி இறங்க வேண்டியிருந்தது. சுத்த மத்யம ஸ்வரமும் தடுமாறாமல் பேச வேண்டியிருந்தது. அருகிலுள்ள திருவாவடுதுறையைச் சேர்ந்த வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையும், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து முயன்றதில், நீளம் கூடிய பாரி நாகசுரம் உருப்பெற்றது. வாசிப்பவர் காதால் குறை சொல்ல, செய்பவர் துளையின் இடத்தையும் உள்குடைவையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிய வேலை அது. ஆசாரிக்கு உளி அப்பா கொடுத்தது. இந்தக் கருவி அவர் தேடிக் கண்டடைந்தது.

மரம் ஆச்சா. பச்சை மரம் உதவாது. காய்ந்து இறுகிய மரம் வேண்டும் என்பதால், இடித்த பழைய வீடுகளின் உத்திரமும் தூணும் தேடி வாங்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூரையைத் தாங்கிய மரத்தைக் கடைந்து, உள்ளே குடைந்து, விரல் வைக்க ஏழு துளையும் கீழே ஐந்து துளையும் இடுகிறார்கள். கீழ்த் துளைகளில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சரிபார்ப்பார்கள். இந்தக் கருவிக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகள் குறையக் குறைய நல்ல ஆச்சா கிடைப்பதும் அரிதாகிறது என்பதுதான் பட்டறைகளின் கவலை.

சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் தொழிலைப் பிடித்து வைத்திருப்பது காவிரியின் வண்டல் மண். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து செய்த உருவத்தின் மேல் அந்த நைஸான மண்ணைப் பூசினால் விரல் நகம் வரை அச்சு எடுக்கும். சூட்டில் மெழுகு உருகி வடிந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஓர் அச்சில் ஒரு சிலைதான். 2023-இல் புதுதில்லி ஜி20 மாநாட்டு அரங்கின் முன் நிறுத்தப்பட்ட 27 அடி நடராசர் இவ்வூர் ஸ்தபதிகளின் கைவேலை. ஸ்தபதி குடும்பங்கள் நடத்தும் பட்டறைகளில் எடுபிடியாகச் சேர்ந்து, அரம் தேய்த்து, சீவுளி பிடித்துத் தேர்ந்த பிற வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நெட்டி வேலைக்குப் பொருள் தருவது ஏரி குளம். நீரில் வளரும் நெட்டித் தண்டைக் காய வைத்துத் தோலைச் சீவினால் வெண்மையான தக்கை கிடைக்கும். மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டும் அதே பொருளில்தான் பெரிய கோயில் மாதிரியும் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். 2020-இல் இதற்கும் புவிசார் குறியீடு வந்தது. குறியீடு பெயரைக் காக்கும், விற்றுத் தராது. இடைத்தரகர் இல்லாமல் விற்கும் வழி தெரிந்தவர்தான் சுயமாக நிற்கிறார். மற்றவர்கள் கடைக்காரரின் முன்பணத்துக்கு வேலை செய்கிறார்கள்.

யார் கைவினைஞர் என்ற கேள்வி அண்மையில் அரசாணை வரை போயிற்று. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. குறைந்தபட்ச வயது 18. விண்ணப்பிப்பவர் குடும்ப வழித் தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. படிக்க வேண்டிய வயதில் பிள்ளையைக் குலத்தொழிலுக்குத் தள்ளும் என்பது அதன் வாதம். குடும்ப நிபந்தனை இல்லாமல், குறைந்தபட்ச வயது 35 என வைத்து, 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-இல் தொடங்கியது. 3 லட்சம் ரூபாய் வரை கடன். அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். அரசு உதவி கேட்டு வருபவரிடம் அப்பா என்ன தொழில் செய்தார் என்று கேட்காமல், அவர் கை என்ன செய்யும் என்று பார்க்கும் ஏற்பாடு இது. காவிரிப் படுகையின் பட்டறைகளில் இன்று இருப்பவர்கள் வந்த வழிகளோடு இதுவே பொருந்துகிறது.