பீரோவில் தூங்கும் வெள்ளி

பாட்டியின் பட்டுப்புடவை மடிப்பு மடிப்பாக நைந்துபோன பிறகும், காசு தருகிறோம் என்று அதைத் தேடி ஆட்கள் வருகிறார்களே, ஏன் தெரியுமா?

"பழைய பட்டுப்புடவை இருக்காம்மா?" ராமநாதபுரம், பரமக்குடித் தெருக்களில் இந்தக் குரல் புதிதல்ல. வந்தவர் புடவையின் நிறத்தைப் பார்ப்பதில்லை, கிழிசலையும் பார்ப்பதில்லை. முந்தானையை விரித்து, ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டுகிறார். உள்ளே சிவப்பு நூல் எட்டிப் பார்த்தால் அவர் முகம் மலர்கிறது.

சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின்மேல், தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசினால் அதுதான் அசல் ஜரிகை. தங்கம் என்னவோ பேருக்குத்தான். நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. வியாபாரியின் கண் வெள்ளிமேல். கரையையும் முந்தானையையும் தனியே வெட்டி எரிப்பார்கள். சாம்பலை உருக்கினால் வெள்ளி கைக்கு வந்துவிடும்.

சுரண்டிய இடத்தில் வெள்ளை நூலோ பிளாஸ்டிக் இழையோ தெரிந்தால்? பேரம் அங்கேயே முடிந்தது.

தறிச் சத்தத்துக்குப் பேர்போன பரமக்குடி, எமனேஸ்வரம் பக்கத்தில் இந்தச் சோதனையைப் பாட்டிமாரே செய்து காட்டுவார்கள்.

அடுத்த முறை அந்தக் குரல் கேட்டால், அன்றைய வெள்ளி விலையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள். கரை இன்னும் பளபளவென்று இருந்தால் விற்கவே வேண்டாம். பேத்தியின் பாவாடையில் வைத்துத் தைத்துவிடுங்கள்.