உரையாடலின் தொடக்கமும் முடிவும்

கடிதம் எழுதப் பயிலும் மாணாக்கனுக்கு விளிக்கும் முறையும் முடிக்கும் முறையும் முதலிலேயே கற்பிக்கப்படுகின்றன. தந்தைக்கு எழுதுங்கால் ஒருவகை, அதிபருக்கு எழுதுங்கால் பிறிதொருவகை, நண்பனுக்கு எழுதுங்கால் மற்றொருவகை என அவன் வேறுபாடறிந்து எழுதுகின்றான். ஆனால், அதே மாணாக்கன் பிறமொழியொன்றிற் பேசப் பயிலும்போது, ஒருவரை அணுகிப் பேச்சைத் தொடங்குவது எவ்வாறு, அவர் மனம் நோகாது விடைபெறுவது எவ்வாறு என்பன பெரும்பாலும் கற்பிக்கப்படுவதில்லை. பாடநூல்களிற் காணப்படும் உரையாடல்கள் பல நடுவிலே தொடங்கி நடுவிலே நின்றுவிடுகின்றன. வினாவும் விடையும் வழுவின்றி அமைந்திருக்கும். பேசுவோர் சந்தித்தவாறும் பிரிந்தவாறும் அங்கே இரா.

இக்குறையின் விளைவு சிறிதன்று. வேற்றுமொழியாளர் ஒருவர் காலம் பிழைத்தோ பால் பிழைத்தோ பேசினால், மொழி பயிலாதவர் எனக் கேட்போர் பொறுத்துக்கொள்வர். அவரே விடைபெறாது எழுந்து சென்றால், பண்பறியாதவர் என்பர். பிழை மொழியறிவின்மேல் ஏற்றப்படாது மனிதர்மேல் ஏற்றப்படுகின்றது. மொழியியலறிஞர் ஜெனி தோமஸ் 1983 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதனை எடுத்துக்காட்டினார். இலக்கணந் திருந்தச் சரளமாகப் பேசுவோர்க்கே இவ்விடர் மிகுதியாகும். அவர் அறியாமையாற் செய்ததை, வேண்டுமென்றே செய்தார் எனக் கேட்போர் கொள்வர்.

தொடக்கச் சொற்கள் பொருளற்றவை என்னும் எண்ணம் இப்புறக்கணிப்பிற்கு ஒரு காரணம் எனலாம். துரோபிரியந்துத் தீவுகளிற் கள ஆய்வு செய்த மானிடவியலறிஞர் மலினோவ்ஸ்கி, நலம் விசாரித்தல், வானிலைபற்றிப் பேசுதல் முதலியன செய்தி தெரிவித்தற்கு அல்ல, மக்களிடையே உறவைப் பிணைத்தற்கே பயன்படுகின்றன என 1923 இல் விளக்கினார். ஆங்கிலேயர் ‘ஹவ் ஆர் யூ?’ என வினவுவது வைத்தியர் வினவுவது போன்றதன்று. அதற்கு விடையாகத் தன் நோய்களை வரிசைப்படுத்திக் கூறும் மாணாக்கன் சொற்பொருளை அறிந்தானாயினும், அச்சொல் அவ்விடத்துச் செய்யும் தொழிலை அறிந்தானல்லன்.

யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் எதிர்ப்படுவோரைத் ‘தூரமோ?’ என்று கேட்பதும் இத்தகையதே. புறப்பட்டுச் செல்வோரை ‘எங்கே’ என்று கேட்டல் சகுனப் பிழை எனக் கருதும் முதியோர் அவ்வாறு கேட்பர். ‘ஓம், உதிலை போட்டு வாறன்’ என்பதே அதற்குப் போதிய விடை. இவ்வினாவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கேட்டால், தம் சொந்த அலுவலில் தலையிடுவதாகவே ஆங்கிலேயர் கருதுவர்.

தொடக்கத்திலும் அரிது முடிவு. ஷெக்லொவ், சாக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் உரையாடல்களின் முடிவினை ஆராய்ந்து 1973 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உரையாடல் தானாக ஓய்வதில்லை, இருவரும் சேர்ந்தே அதனை முடிக்கின்றனர் என்பது அதிற் பெறப்படும் உண்மை. முதலில் ஒருவர் ‘வெல்’, ‘ஓகே’ போன்றதொரு சிறு சொல்லைக் கூறுவர். தமக்குப் புதிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதை அஃது உணர்த்தும். மற்றவர்க்கு எஞ்சிய செய்தி இருப்பின் எடுத்துரைக்க இடமுமளிக்கும். அவரும் அவ்வாறே கூறி உடன்பட்டபின்னரே விடைமொழிகள் பரிமாறப்படும்.

தமிழிலும் இப்படிகள் உள. விருந்தினர் ‘சரி, அப்ப…’ எனத் தொடங்குவர். ‘பிள்ளையள் பள்ளிக்கூடத்தாலை வாற நேரம்’ எனக் காரணங் கூறுவர். ‘நான் வரட்டே?’ என அனுமதி வேண்டுவர். வீட்டார் ‘இருங்கோவன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்’ எனத் தடுப்பர். ஈற்றில் ‘போட்டு வாறன்’ என்பதற்கு ‘ஓம், வாங்கோ’ என விடை வரும். இவற்றுள் ஒரு படியை விட்டாலும் பிரிவு கடுமையாகத் தோன்றும்.

‘போகிறேன்’ என்று வாளா கூறுதல் தமிழர்க்கு ஆகாது. சிங்களவரும் ‘கிஹின் என்னம்’, அஃதாவது ‘போய் வருகிறேன்’ என்றே கூறுவர். எனவே ஒருவர் மொழியை ஒருவர் இரண்டாம் மொழியாகக் கற்கும் இந்நாட்டு மாணாக்கர்க்கு இவ்வழக்கு எளிதிற் கைவரும். ஆனால், ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என ஆங்கிலேயரிடங் கூறினால், கூறியவர் சற்றுநேரத்தில் திரும்புவார் என அவர் காத்திருத்தல் கூடும். மேலும், தமிழர் மரணவீட்டில் ‘போய் வருகிறேன்’ என்று கூறாது பிரிவதே வழக்கம். ஆகவே வாய்பாட்டை மனனஞ் செய்வித்தல் மட்டும் போதாது. அதனைச் சொல்லலாகாத இடமும் கற்பிக்கப்படல் வேண்டும்.

வகுப்பறையில் இதற்கெனப் பெருஞ் சாதனங்கள் வேண்டியதில்லை. பாடநூல் உரையாடலொன்றை எடுத்து, அதற்குத் தொடக்கமும் முடிவும் அமைக்குமாறு மாணாக்கரை ஏவலாம். பேசுவோர் முதலில் நண்பராகவும், பின்னர் மாணாக்கனும் அதிபருமாகவும் மாறும்போது சொற்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதை அவர்களே கண்டுகொள்வர். விடைபெறும் படிகளைத் தனித்தனித் தாள்களில் எழுதிக் கலைத்துக் கொடுத்து ஒழுங்குபடுத்தச் செய்யலாம். இருவரை நிறுத்தி, ஒருவன் விரைந்து செல்லவேண்டியவன், மற்றவன் பேச்சை நீட்ட விரும்புபவன் எனப் பாத்திரம் வகுத்து நடிப்பிக்கலாம். இவை யாவற்றிற்கும் முன், தம் தாய்மொழியில் வீட்டார் விருந்தினரை வழியனுப்புமாற்றை உற்றுக் கேட்டு எழுதிவரச் செய்தல் நன்று. தன் மொழியின் ஒழுங்கைக் கண்டவனே பிறமொழிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு எனத் தேடுவான்.

பிறமொழியாளருடைய வீட்டிற்குச் செல்லும் மாணாக்கன் அங்கே பேசும் சொற்கள் சிலவாக இருக்கலாம். அவற்றுட் பிழையும் நேரலாம். ஆயினும் முறையறிந்து வணங்கிப் பேசத் தொடங்கி, முறையறிந்து விடைபெற்றானாயின், மீண்டும் வருக என அவ்வீட்டார் அவனை அழைப்பர். அவ்வீட்டிற்கு மறுமுறை செல்லும் வாய்ப்பே அம்மொழியை மேலும் பயில அவனுக்குக் கிடைக்கும் சிறந்த பாடமாகும்.