குன்றில் புளிப்பு, புளோக்கடியில் காரம்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்து மண் கருங்கல்லிலிருந்து பிறந்தது. பக்கத்திலுள்ள புக்கிட் தீமா குன்றைத் தாங்கி நிற்கும் கிரானைட் பாறைக்கு வயது 20 கோடி ஆண்டுகளுக்கு மேல். அந்தப் பாறை மழையிலும் வெயிலிலும் உளுத்துப் பொடிந்து, பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாகப் படிந்திருக்கிறது. டெய்ரி ஃபார்ம், செஸ்நட் இயற்கைப் பூங்காக்களின் பாதைகளில் நடப்பவர்கள் காலணியில் அப்பிக்கொண்டு வீடு திரும்புவது இந்த மண்ணைத்தான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் மழைநீரே இலேசாகப் புளித்தது. தூய்மையான மழைநீரின் பிஎச், அதாவது புளிப்பைக் காட்டும் எண், ஏறக்குறைய 5.6. அந்த மழைநீர் இடைவிடாமல் ஊறி இறங்கி, கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவை இரும்பும் அலுமினியமும். இரும்பால் வந்தது சிவப்பு. அலுமினியத்தால் வந்தது புளிப்பு.

அதே குன்றின் அடிவாரத்தில் 1980களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நகரம் எழத் தொடங்கியது. கம்பங்கள் எனும் சிற்றூர்களும் காய்கறித் தோட்டங்களும் இருந்த இடத்தில் அடுக்குமாடி புளோக்குகள் வந்தன. கட்டுமானம் நடக்கும் எந்த நகரத்திலும் உடைந்த கான்கிரீட், சிந்திய காரை, செங்கல் துண்டு எல்லாம் மண்ணோடு கலந்துவிடும். சிமெண்டிலிருந்து மெல்லக் கசியும் சுண்ணாம்பு அந்த மண்ணைக் காரமாக்கும். ஆகையால் ஒரே பேட்டையில், சில நூறு மீட்டர் தூரத்துக்குள், நேர் எதிரான குணமுள்ள இரண்டு மண் இருக்க முடியும். இரண்டிலும் செடி வெளிறிப்போகலாம். ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்கு நஞ்சாகும்.

மண்ணின் புளிப்பையும் காரத்தையும் எண்ணால் குறிக்கும் அளவுகோலே பிஎச். அதை 1909இல் வகுத்தவர் கோப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தின் வேதியியலாளர் சோரன்சன். அது பீர் ஆலை ஒன்றின் ஆய்வகம். தோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். புளித்த மோர் 4.5 அளவில் நிற்கும். சமையல் சோடா கரைத்த நீர் 8ஐத் தாண்டும். பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு: இந்த எண்கள் ஒவ்வொன்றாக ஏறினாலும், அமிலம் பத்துப் பத்து மடங்காக மாறுகிறது. பிஎச் 6 உள்ள மண்ணைவிட 5 உள்ள மண்ணில் பத்து மடங்கு அமிலம். 4 உள்ள மண்ணில் நூறு மடங்கு. ‘ஒன்றரைதானே குறைவு’ என்று தள்ளிவிட முடியாது.

பிஎச் செடிக்கு உணவல்ல. மண்ணிலிருக்கும் உணவு வேருக்கு எட்டும்படி கரையுமா, கரையாதா என்பதை முடிவுசெய்வது அதுதான். மணிச்சத்து இதற்கு நல்ல சான்று. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கார மண்ணில் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. 6க்கும் 7க்கும் இடையில்தான் அது ஓரளவு தாராளமாகக் கிடைக்கும். காய்கறிகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பிஎச் 5க்குக் கீழே போனால் வேறொரு தொல்லை சேர்கிறது. மண்ணில் அடங்கிக் கிடந்த அலுமினியம் கரைந்து வெளியே வந்து, வேரின் நுனியைத் தாக்குகிறது. நுனி தடித்து, குட்டையாகி, கிளைப்பது நின்றுவிடும். இலையில் தெரிவது பசிதான், நோவு மண்ணுக்குள். அவரை, பயறு வகைகளின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் அதிகப் புளிப்பு ஆகாது.

அப்படியென்றால் புக்கிட் தீமாக் காடு எப்படி இவ்வளவு ஓங்கி நிற்கிறது? அந்தக் காட்டின் சொத்து மண்ணில் இல்லை; மரத்திலும் உதிர்ந்த சருகிலும் இருக்கிறது. விழுந்த இலை மக்க மக்க, மேலோட்டமாகப் பரவிய வேர்களும், அவற்றோடு கூடி வாழும் பூஞ்சைகளும் சத்தை உறிஞ்சி மறுபடியும் மேலே அனுப்பிவிடுகின்றன. மண் வெறும் கைமாற்றுக் கடைதான். காட்டை வெட்டினால் கடையில் சரக்கு இருக்காது.

19ஆம் நூற்றாண்டில் அதுதான் நடந்தது. புக்கிட் தீமா வட்டாரக் காடுகளை அழித்துச் சீனத் தோட்டக்காரர்கள் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். காம்பியர், தமிழர்கள் வெற்றிலையோடு சேர்த்து மென்ற கத்தக்காம்பு. அதன் இலையைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்து, சக்கையை மிளகுக் கொடிக்கு எருவாகப் போட்டார்கள். காய்ச்சும் அடுப்புக்கு விறகும் காட்டிலிருந்தே வந்தது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் நிலம் ஓய்ந்துவிடும். தோட்டக்காரர் அடுத்த காட்டுக்குப் போவார், பிறகு ஜொகூருக்கும் போனார். பின்னர் இங்கு ரப்பரும் அன்னாசியும் நிலைத்ததில் வியப்பில்லை. இரண்டும் புளித்த மண்ணைப் பொறுத்துக்கொள்பவை, அன்னாசிக்கு 4.5 முதல் 5.5 வரையிலான பிஎச்தான் உகந்தது.

கைவிடப்பட்ட அந்த நிலங்கள் எல்லாம் பழைய காடாகத் திரும்பவில்லை. மிகவும் களைத்த புளிப்பு மண்ணில், மலாய்க்காரர்கள் தியூப் தியூப் என்றழைக்கும் சிறுமரம் முன்னின்று வளரும் குறுங்காடு உருவானது. சிங்கப்பூர்த் தாவரவியலாளர்கள் அதைத் தனிவகைக் காடாகவே வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் ஓரங்களில் ரெசாம் பெரணி அடர்ந்து படரும். சத்தில்லாத மண்ணில் பூச்சியைப் பிடித்துப் பசியாறும் கெண்டிச் செடிகளையும் அங்கே காணலாம். ஊதாப் பூப்பூக்கும் செண்டுடோக் செடியின் கதை இன்னும் விசித்திரம். மற்றச் செடிகளைக் கொல்லும் அலுமினியத்தை அது இலைகளில் சேர்த்துவைக்கிறது. அலுமினியம் கொடுத்தால் அதன் வளர்ச்சி கூடுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘கெட்ட மண்’ என்பது யாருக்குக் கெட்டது என்று கேட்டுவிட்டுச் சொல்லவேண்டிய சொல்.

குன்றிலிருந்து புளோக்குகளின் பக்கம் வந்தால் சிக்கல் தலைகீழாகிறது. சிங்கப்பூரில் நடைபாதையோர வேலியாக அதிகம் காணப்படும் செடிகளில் ஒன்று வெட்சி. தமிழ்நாட்டில் பிள்ளைகள் அதை இட்லிப்பூ என்பார்கள். முருகனுக்குரிய மலராகச் சங்க காலம் முதல் பேசப்படும் செடி அது. புளிப்பு மண்ணை விரும்பும் இந்தச் செடியைச் சிமெண்டுச் சுவரையோ கான்கிரீட் வடிகாலையோ ஒட்டி நட்டால், இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத்தில் அது கரைய மறுக்கிறது, அவ்வளவுதான். தழைச்சத்துக் குறைவால் வரும் மஞ்சள் வேறு வகை: அது அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் தொடங்கும். மேலேயா, கீழேயா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மஞ்சளைக் கண்டவுடன் உரப்பொட்டலத்தைப் பிரிப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

தாழ்வாரத் தொட்டிகளில் தமிழ்க் குடும்பங்கள் விடாமல் வளர்க்கும் கறிவேப்பிலைக்கும் இதே நோவு வரும். குழாய் நீர், குழாய்கள் அரிக்காமலிருக்கச் சற்றே காரப் பக்கமாகவே வைக்கப்படுகிறது. மழை படாத தொட்டியில் ஆண்டுக்கணக்கில் அதையே ஊற்றும்போது கலவையின் பிஎச் மெல்ல ஏறலாம். புளித்த மோர் ஊற்றும் பழைய வழக்கத்துக்கு இங்கே ஓரளவு பொருள் இருக்கிறது. மோரின் அமிலம் வேரைச் சுற்றிச் சிறிது இரும்பைக் கரைக்க உதவக்கூடும். கொஞ்சம் தழைச்சத்தும் சேரும். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைச் சில நாள்களில் தின்று தீர்த்துவிடும். மோரை நம்பிக் காரமான தொட்டியைத் திருத்த முடியாது. காப்பித்தூள் சக்கையைப் பற்றிய நம்பிக்கையும் மிகையானது: வடித்த பிறகு மிஞ்சும் சக்கை பெரும்பாலும் நடுநிலைக்கு அருகில்தான் இருக்கும்.

எதைச் செய்யவும் முதலில் அளக்கவேண்டும். மேற்பரப்புச் சருகை ஒதுக்கிவிட்டு, வேர் ஓடும் ஆழத்தில், பாத்தியின் ஐந்தாறு இடங்களில் மண்ணெடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திச் சலிக்கவேண்டும். தமிழ்நாட்டு மண் ஆய்வுக்கூடங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வாலைவடிநீர் சேர்த்துக் கலக்குவது வழக்கம். அரைமணி நேரம் விட்டுவிட்டுக் கலக்கி, பிஎச் மானியை அதில் வைப்பார்கள். மானியை முன்கூட்டியே 4, 7 என்று அறிந்த கரைசல்களில் சரிபார்த்திருக்கவேண்டும். மின்கலம்கூட இல்லாமல், மண்ணில் குத்தினால் முள் ஆடும் மலிவான கருவிகள் பெரும்பாலும் ஈரத்துக்கு ஏற்பத் தாளம் போடுபவை. அவற்றை நம்பிச் சுண்ணாம்பு போடுவதைவிடப் போடாமலிருப்பது மேல்.

கருவி இல்லாத வீட்டில் சங்குப்பூ உண்டு. நொன்யா பலகாரங்களில் அரிசிக்கு நீலம் ஏற்றும் அதே பூதான். சுடுநீரில் ஊறவைத்த நீலச்சாறு புளிப்பில் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும், காரத்தில் பச்சையாகவும் மாறும். மண்ணை வாலைவடிநீரில் கலக்கித் தெளியவைத்து, அந்தத் தெளிவில் சில சொட்டு விட்டுப் பார்க்கலாம். 5.5க்கும் 6.5க்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டாது. கடும் புளிப்பா, காரமா என்பதற்கு ஒரு சாடை தரும். கட்டடக் குப்பை கலந்த மண்ணுக்கு இன்னொரு சோதனை: சில சொட்டு வினிகர் விட்டால், சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் நுரைக்கும்.

பிஎச் செடியை எப்படி மாற்றுகிறது என்பதைப் பள்ளி மாணவர்களும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் வழக்கமாகச் செய்யும் முறையில் ஓட்டை இருக்கிறது. ஒரு தொட்டிக்கு வினிகரும் மற்றொன்றுக்குச் சமையல் சோடாவும் ஊற்றினால், செடி வாடுவது பிஎச்சாலா, வினிகரின் அசெட்டிக் அமிலம் வேரைச் சுட்டதாலா, சோடாவிலுள்ள சோடியத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே மண்ணைப் பங்கிட்டு, சிலவற்றில் அளவாகச் சுண்ணாம்புக்கல் தூள், சிலவற்றில் கந்தகத்தூள், சிலவற்றில் எதுவுமின்றி, சில வாரம் ஈரமாக வைத்திருந்து, பிஎச்சை அளந்த பிறகே பச்சைப்பயற்றை விதைக்கவேண்டும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு தொட்டி போதாது, குறைந்தது ஐந்து வேண்டும். பச்சைப்பயறு முளைத்த முதல் வாரத்தில் எல்லாத் தொட்டியும் ஒன்றுபோலவே இருக்கும், ஏனெனில் விதைக்குள் கட்டுச்சோறு இருக்கிறது. அது தீர்ந்த பிறகே மண் பேசத் தொடங்கும். ஐந்தாறு வாரம் கழித்துச் செடியைப் பிடுங்கி, உயரத்தோடு வேரின் நீளத்தையும் முடிச்சுகளின் எண்ணிக்கையையும் குறிப்பது நல்லது.

இதுபோன்ற ஒரு சோதனையை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நிறுத்தாமல் நடத்தும் இடம் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட். 1856இல் அங்கு ஒரு புல்வெளி பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு உரம் பெறத் தொடங்கியது. அம்மோனியம் சல்பேட் மட்டும் தொடர்ந்து பெற்று, சுண்ணாம்பு பெறாத பாகங்களில் மண் கடுமையாகப் புளித்து, பலவகைச் செடிகள் மறைந்து, ஓரிரு புல் வகைகளே மிஞ்சின. உரமே மண்ணைப் புளிக்கவைக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

திருத்தும் முறை மண்ணுக்கு மண் மாறும். குன்றோரச் செம்மண்ணில் கீரை, வெண்டை, கத்தரி போடுவதானால், டோலமைட் அல்லது சுண்ணாம்புக்கல் தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இடையிடையே அளக்கவேண்டும். நீற்றுச் சுண்ணாம்பு வேகமானது, அளவு தப்பினால் ஆபத்து. மக்குரம் இரு பக்கமும் உதவும்; கரைந்த அலுமினியத்தைக் கட்டிவைப்பதோடு, பிஎச் சட்டென்று ஏறி இறங்காமலும் தாங்கும். தமிழ்நாட்டு உழவர் வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு மண் திருத்தம் என்றால் ஜிப்சமும் தக்கைப்பூண்டும் நினைவுக்கு வரலாம். அவை பிஎச் 8.5ஐத் தாண்டிய களர் நிலத்துக்கு உரியவை. அத்தகைய நிலத்துக்கென்றே திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்களும் உருவாயின. களர் மண்ணில் சோடியத்தை விரட்டும் ஜிப்சம் சிங்கப்பூர்ச் செம்மண்ணின் புளிப்பைப் போக்காது. நீலகிரியின் தேயிலைக்கோ 4.5 முதல் 5.5 வரையிலான புளிப்பே சொர்க்கம். அந்த மண்ணில் ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூப்பதும் அலுமினியத்தின் கைவண்ணம்தான்.

புளோக்கடியின் கார மண்ணில் பிஎச்சைக் கீழிறக்குவது, புளிப்பு மண்ணைத் திருத்துவதைவிடக் கடினம். கந்தகத்தை அமிலமாக்கும் வேலை மண்ணிலுள்ள பாக்டீரியாவுடையது. அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். காரைத்துண்டுகள் மண்ணில் கிடக்கும்வரை புதுச் சுண்ணாம்பு ஊறிக்கொண்டே இருக்கும். எனவே உயர்த்திய பாத்தி கட்டி, மேல்மண்ணும் மக்குரமும் மணலும் கலந்த புதுக் கலவையை நிரப்பிவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. தொட்டிச் செடியானால் கலவையை மாற்றலாம். அவசரத்துக்கு, காரத்திலும் கரைந்து நிற்கும்படி தயாரித்த கிலேட் இரும்பைக் கொடுக்கலாம். வெட்சியோ கறிவேப்பிலையோ தேறுகிறதா என்பதைப் பழைய மஞ்சள் இலையில் தேடக்கூடாது. அடுத்து விடும் கொழுந்து பச்சையாக வருகிறதா என்று பார்க்கவேண்டும்.