கடைவீட்டு உத்திரமும் மர இணைப்பும்

முன்புறம் கடை, பின்புறமோ மேலேயோ வீடு என்று வாழும் வணிகர்கள் நம் திருப்பூர் வட்டாரத்தில் பலர். அவிநாசி, காங்கயம், தாராபுரம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் உத்திரமும் கைமரமும் கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கும். இப்போது புதிதாகக் கட்டுவோரிலும் சிலர் அந்த அழகை விரும்பி, இடித்த வீட்டு மரங்களை வாங்கி வந்து உத்திரம் போடுகிறார்கள். மரம் தேக்கா வேங்கையா, கன அடி என்ன விலை என்று கேட்கும் நாம், இரண்டு மரங்கள் சேரும் இடத்தை எப்படி இணைக்கப் போகிறார்கள் என்று கேட்பதில்லை. உத்திரத்தின் பலம் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

சுமை ஏறும்போது உத்திரத்தின் மேற்பகுதி அமுங்குகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. இந்த இழுப்பு அதிகமாக இருப்பது இரு தாங்கல்களுக்கு நடுவில். ஆகவே நடுவே அடிப்பக்கத்தில் வெட்டுவது மிகவும் கெடுதல். 8 அங்குல உயரமுள்ள உத்திரத்தில் 2 அங்குலம் வெட்டினால் கால் பங்கு பலம்தானே போகும் என்று நினைக்கலாம். அப்படியல்ல. வளைவைத் தாங்கும் பலம் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அந்த இடத்தில் ஏறத்தாழ 44 சதவீதம் குறைந்துவிடும். வெட்டின் மூலையிலிருந்து விரிசலும் தொடங்கும்.

இனி எந்த இடத்துக்கு எந்த இணைப்பு என்று பார்ப்போம்.

1. தூணும் உத்திரமும் சேருமிடம்: தூணின் தலையை நாக்குப் போலச் செதுக்கி, உத்திரத்தில் வெட்டிய துளையில் சொருகி, மர ஆணி அடிப்பது நெடுங்காலமாக நிலைத்த முறை. இடையில் போதிகை வைத்தால் தாங்கும் பரப்பு அகலும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்பவர்கள் இத்தகைய மரவேலையின் நேர்த்தியை நேரில் காணலாம்.

2. நீளம் போதாதபோது: இரு மரங்களையும் சாய்வாகச் சீவி ஒட்டுப் போடுவார்கள். அந்த ஒட்டு தூணின் அல்லது சுவரின் தலைமேல் அமைய வேண்டும். கீழே தாங்கல் இல்லாத நடுப்பகுதியில் ஒட்டுப் போட அனுமதிக்கவே கூடாது.

3. குறுக்குச் சட்டங்கள்: உத்திரத்தின்மேல் அப்படியே அமர்த்துவதே நல்லது, செலவும் குறைவு. ஒரே மட்டமாக வேண்டுமென்றால், துளையை உத்திர உயரத்தின் நடுவில் போடச் சொல்லுங்கள். அங்கே அமுக்கமும் இழுப்பும் குறைவு.

4. புறாவால் இணைப்பு: பெட்டிக்கும் இழுப்பறைக்கும் சிறந்தது. பச்சை மரம் காய்ந்து குறுக்குவாட்டில் சுருங்கும்போது தளர்ந்துவிடும். எனவே மூட்டை தாங்கும் சட்டத்துக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

5. இரும்புத் தகடும் போல்ட்டும்: பழுது பார்க்க எளிது. ஆனால் மரம் காய்ந்தபின் நட்டை மீண்டும் முறுக்க வேண்டும். உப்பு மூட்டை வைக்கும் கடையில் துரு சீக்கிரம் பிடிக்கும். தீ விபத்தில் தடித்த மரம் வெளிப்புறம் கரியாகி மெதுவாகவே எரியும்; வெளியே தெரியும் இரும்போ சூடேறிப் பலம் இழந்துவிடும். பனியன் வேஸ்ட், பஞ்சு, நூல் இருப்பு வைப்பவர்கள் இதை மறக்கலாகாது.

பனைமரத்துக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அதன் வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது, உள்ளே சோறுதான். துளை போட்டால் வைரமும் போய்விடும். பனங்கையை வெட்டாமல் தாங்கலின்மேல் வைத்துக் கட்டுவதே முறை.

பழைய மரம் வாங்கும்போது முன்பு போட்ட துளைகளைப் பாருங்கள். அந்தத் துளைகள் புதிய வீட்டில் நடுப்பகுதிக்கு வந்தால், எவ்வளவு மலிவானாலும் அது நஷ்டமே. சுவருக்குள் செல்லும் முனையைக் கல்லின்மேல் அமர்த்தி, சுற்றிலும் காற்றுப் புகச் சிறிது இடைவெளி விட வேண்டும். கலவை வைத்து இறுக அடைத்தால் ஈரம் தங்கி முனை மக்கும், கரையானும் வரும்.

50 கிலோ சர்க்கரை மூட்டை 20 அடுக்கினால் ஒரு டன். வீட்டுக்கென்று போட்ட மச்சில் பண்டிகைக் காலச் சரக்கை ஏற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதன் கீழேதான் நம் பிள்ளைகள் படுத்துறங்குகிறார்கள். எனவே மரம் அறுக்கும் முன்பே, எவ்வளவு சுமை ஏறும் என்பதைப் பொறியாளரிடம் சொல்லி உத்திரத்தின் அளவைக் கணக்கிட்டு வாங்குங்கள். எந்த இடத்தில் எந்த இணைப்பு என்பதை ஆசாரியாரிடம் தாளில் வரைந்து வாங்குங்கள். வெட்டிய மரத்தை மீண்டும் வளர்க்க முடியாது என்பதை நினைவிற்கொள்ளுமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.