ஆறு கால் காவற்காரன்

மடிக்கணினியின் பழைய பேட்டரியைப் பிரித்து, அதிலிருந்து எடுத்த 18650 செல் ஒன்றைக் கொண்டு கைவிளக்குச் செய்துகொண்ட வாசகர் ஒருவர், அவ்விளக்கு மங்கலாகக்கூட எரியாமல் திடீரென்று அணைந்துபோயிற்றென்றும், பாதுகாப்புப் பலகையின் வெளிமுனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் சுத்த பூஜ்யம் காட்டுகிறதென்றும், செல் செத்துவிட்டதா என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். சாகவில்லை. மீட்டரின் ஊசிகளை அரை விரற்கடை நகர்த்தி, செல்லோடு நேரே பற்றவைத்த இரு புள்ளிகளில் ஊன்றியிருந்தால் அநேகமாக இரண்டரை வோல்ட்டை ஒட்டி ஏதோ ஓர் அளவு தெரிந்திருக்கும். செல்லுக்கும் விளக்குக்கும் நடுவே ஒருவன் கதவைச் சாத்திவிட்டான், அவ்வளவுதான்.

1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் செல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், 2019-ல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் அதற்காக நோபல் பரிசு கிடைத்ததும் வாசகர்கள் அறிந்த சரித்திரம். என் மனத்தைக் கொள்ளை கொண்டது செல்லன்று, அதன் வாசலில் நிற்கும் அந்தக் காவற்காரனே.

நகத்தளவு பலகையில் அரிசிமணியை ஒத்த ஆறு கால் சில்லு ஒன்று இருக்கும், டி.டபிள்யூ. 01 என்பது அதன் பெயர். அதனருகே 8205 ஏ என்ற இன்னொரு சில்லுக்குள் மாஸ்ஃபெட் என்னும் மின்கதவுகள் இரண்டு அடங்கியிருக்கின்றன. ஒரு வழியை அடைக்க ஒரு கதவு போதாதோ என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் மாஸ்ஃபெட்டுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. எவ்வளவு இறுகச் சாத்தினாலும், ஒரு திசையிலிருந்து வரும் மின்சாரத்தை மட்டும் அது தடுக்காது. சிறுவயதில் எங்கள் வாய்க்கால் மடையில் மீன்பறி வைப்பார்கள். மூங்கிற் சிம்புகளின் குவிந்த வாய் வழியே உள்ளே போன கெண்டை வெளியே வராது என்பதைப் பொழுது போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சாத்திய மாஸ்ஃபெட்டும் அப்படிப்பட்ட ஒருவழிப் பறியே. ஆகையால் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக இரண்டை வைத்து, ஒன்றின் குறையை மற்றொன்று அடைக்கும்படி செய்திருக்கிறார்கள்.

விசேஷம் இதற்குமேல்தான் இருக்கிறது. செல் ஏறத்தாழ 2.4 வோல்ட்டுக்கு வற்றியதும் சில்லு வெளியேறும் வழியின் கதவை மட்டும் சாத்திவிட்டுத் தானும் உறங்கப் போய்விடுகிறது; ஆயினும் சார்ஜரைச் செருகிய மாத்திரத்தில், சாத்திய அந்தக் கதவின் பிறவிக் குறையாகிய அதே வழியாகவே மின்சாரம் உள்ளே புகுந்து செல்லுக்கு உயிரூட்டுகிறது. குறையையே உபாயமாக்கிக்கொண்ட இந்த யுக்தியைக் கண்டு நான் வியக்காத நாளில்லை. போதாக்குறைக்கு, வழியே போகும் மின்சாரத்தை அளக்கவும் தனிக்கருவி எதுவும் வைக்கவில்லை. இரு கதவுகளும் திறந்திருக்கும்போது அவற்றின் தடை ஏறக்குறைய ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு, நம் பாட்டன்மார் கணக்கில் ஒரு மா. மூன்று ஆம்பியர் ஓடினால் அங்கே மும்மா வோல்ட், அதாவது 0.15 வோல்ட், விழுகிறது. அந்த அளவைக் கண்டதும் சில்லு கதவை அடைத்துவிடுகிறது.

இத்தனை சமர்த்தனை நம்மவர்கள் நடத்தும் விதந்தான் வருத்தமளிக்கிறது. ஏரிக்குக் கலிங்கு இருக்கிறதே என்று நீர்கட்டி வீட்டில் படுத்துத் தூங்குவதில்லை. செல்லை 4.2 வோல்ட்டில் நிறுத்துவது டி.பி. 4056 போன்ற சார்ஜர்ச் சில்லின் வேலை. காவற்காரன் தலையிடுவது 4.3 வோல்ட்டை ஒட்டி, மற்ற எல்லாம் தவறிய பிற்பாடு. அப்படியிருக்க, ஐந்து வோல்ட் அடாப்டரை நேரே பலகையில் பற்றவைத்துவிட்டு, பாதுகாப்புத்தான் இருக்கிறதே என்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சில்லுக்குச் சூடு தெரியாது. செல் தகித்தாலும், வோல்ட் ஒழுங்காக இருக்கும்வரை அது வாளாவிருக்கும். சார்ஜர்ச் சில்லுக்கு வெப்பம் அறியும் கால் ஒன்று உண்டென்றாலும், மலிவுப் பலகைகளில் அதைத் தரைக்கம்பியோடு கட்டிக் கண்ணைக் குத்திவிடுகிறார்கள். 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று உறையில் அச்சிட்ட 18650 செல் ஒன்றை ஒரு கடைக்காரர் என்னிடமே விற்கப் பார்த்தார். இந்த உருவத்தில் மெய்யான செல் எதுவும் அதில் பாதியைக்கூட எட்டியதில்லை.

கடிதம் எழுதிய அன்பர் சார்ஜரைச் செருகிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும். நேரே அளந்தபோது இரண்டு வோல்ட்டுக்கும் கீழே காட்டியிருந்தால் மட்டும் அந்தச் செல்லை எழுப்ப முயலவேண்டாம். அத்தனை வற்றியதில் உள்ளிருக்கும் செப்புத்தகடு கரைந்து, மறுபடி மின்சாரம் ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே இரு முனைகளையும் சேர்த்துவிடக்கூடும். குப்பையில் எறியாமல் மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடலாம்.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்லவரவில்லை. பலகை இல்லாத வெறுஞ் செல் ஒன்றைச் சாவிக்கொத்தோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒருமுறை பஸ் ஏறினேன். 18650-ன் உலோக உடல் முழுவதுமே எதிர்முனை. உச்சியிலுள்ள நேர்முனைக் குமிழுக்கும் அதற்கும் நடுவே ஒரு மெல்லிய வளையந்தான் அரண் என்பது எனக்குத் தெரியாததன்று. தோள்பக்கத்தில் உறை கிழிந்திருந்ததைத்தான் கவனிக்கவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் மார்பில் இஸ்திரிப்பெட்டியை வைத்தாற்போல் சுட்டது. நான் பையைத் தலைகீழாகக் கவிழ்த்த வேகத்தில் எதிர் சீட்டு அம்மாள் தம் கூடையை இழுத்து அணைத்துக்கொண்டார். அந்தச் சாவியின் பல்லொன்றில் இன்றும் ஒரு கரிய குழி இருக்கிறது. பூட்டில் நுழைகிறது, ஆனால் திரும்பமாட்டேனென்கிறது.