புளிப்பு மண்ணில் விளையும் இனிப்புப் பழம்!

சுண்டைக்காய் அளவு. நாவற்பழ நிறம். மேலே திருநீறு பூசியது போல வெண்படிவு. இதுதான் "புளூபெரி" பழம்!

அமெரிக்காவில் பல வீட்டுத் தோட்டங்களில் இந்தச் செடி இருக்கிறது. ஆள் உயரத்துக்கு வளரும். முன்பு இது வெறும் காட்டுச் செடி. நல்ல நிலத்தில் எருப் போட்டு நட்டவர்கள் ஏமாந்தார்கள். செடி வாடிச் செத்தது.

காரணம் என்ன?

விவசாய இலாகாவின் தாவர நிபுணர் பிரெடரிக் கோவில் இதை ஆராய்ந்தார். புளூபெரிக்குப் புளிப்பு மண்தான் வேண்டும். சுண்ணாம்பு மண் ஆகாது என்று 1910-ல் அறிவித்தார்.

பெண்ணின் முயற்சி

நியூஜெர்சியைச் சேர்ந்த எலிசபெத் ஒயிட் என்ற பெண் இதைப் படித்தார். உடனே நிபுணருக்குக் கடிதம் எழுதினார். இருவரும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள்.

காட்டில் பழம் பறிப்பவர்களிடம் துளையிட்ட அளவுக் கருவியை எலிசபெத் கொடுத்தார். துளையின் அகலம் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். அதில் நுழையாத பெரிய பழம் தரும் செடியைக் காட்டியவருக்குப் பணம்! செடிக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. ரூப் லீக் என்பவர் காட்டிய செடி "ரூபெல்" ஆயிற்று. அந்த ரகம் இன்றும் பயிராகிறது.

1916-ல் தோட்டப் பழம் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

வளர்ப்பது எப்படி?

முதலில் மண் பரிசோதனை. புளிப்பை அளக்கும் எண்ணுக்கு "பி.எச்." என்று பெயர். 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். புளூபெரிக்கு 4.5 முதல் 5 வரை ஏற்றது. புளிப்புப் போதாவிட்டால், நடுவதற்குப் பல மாதம் முன்பே மண்ணில் கந்தகத் தூள் கலக்க வேண்டும். அடுப்புச் சாம்பலைப் போடவே கூடாது! அது புளிப்பைக் கெடுத்துவிடும்.

வேர்கள் தலைமுடி போல் மெல்லியவை, ஆழம் போகாதவை. ஆகவே மரத்தூளோ, காய்ந்த பைன் இலையோ பரப்பி ஈரம் காக்கிறார்கள். இரண்டு ரகங்களை அருகருகே நட்டால் பழம் பெருக்கும்.

முதல் இரண்டு ஆண்டு வரும் பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராதுதான். ஆனால், கிள்ளினால்தான் செடி பலப்படும். முழு விளைச்சலுக்கு ஆறு முதல் எட்டு ஆண்டு ஆகும்.

குளிர் அவசியம்

குளிர்காலத்தில் பல வாரம் கடுங்குளிரில் உறங்கினால்தான் இச்செடி ஒழுங்காகப் பூக்கும். பழுக்கும் சமயம் பறவைகள் படையெடுக்கும். அப்போது வலை போட வேண்டும்.

நீலம் ஏறியதும் அவசரப்பட்டுப் பறித்தால் புளிக்கும். சில நாள் பொறுத்தால், தொட்டதும் பழம் கையோடு வரும். அதுதான் இனிக்கும்!